தானே வந்து வாங்குகிறவள்

மாத்திரை தீர்ந்திருக்கும். தீர்ந்தும் அவள் வரவில்லை. போன முறை வாங்கியதில் கொஞ்சம் மிச்சம் பிடித்திருந்தால்கூட இத்தனை நாள் ஓடாது. பாதி பாதியாக உடைத்துப் போடுகிறாளோ? இல்லை, கல்யாணப் பேச்சு வந்ததும் ஒரேயடியாக நிறுத்திவிட்டாளோ?

ரூபினி இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது, மலைப்பாதையில் இறங்கும்போது பிள்ளை வாந்தி எடுக்காமலிருக்க என்ன கொடுக்கலாம் என்று கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற சுற்றுலாக்காரர் இரண்டாம் முறையாகக் கேட்டார். அவள் பிள்ளையின் வயதைக் கேட்டாள், எடையைக் கேட்டாள், வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறதா என்று கேட்டாள். வண்டி ஏறுவதற்கு எவ்வளவு முன்னால் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். சனிக்கிழமை ஆனதால் மலையூரான பிரிஞ்சாங்கின் கடைத்தெரு காலையிலேயே கார்களால் அடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடை வாசலில் ஸ்ட்ராபெரி வடிவத் தலையணைகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்து வந்தவர் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் முட்டைக்கோஸ் போடுகிற சீனர். பூச்சி மருந்து பட்டுத் தடித்திருந்த முழங்கையைத் திருப்பிக் காட்டினார். களிம்பைக் கொடுத்துவிட்டு, அடிக்கும்போது கையுறை போட்டாரா என்று கேட்டாள். அவர் சிரித்தார். அவருக்குப் பின்னால் இடுப்பு வலிக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் வாங்க இரண்டு நேப்பாளிப் பையன்கள். எல்லாரும் இதை மருந்துக்கடை என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ரூபினியின் பாதிப் பொழுது கேட்பதில்தான் போகும். டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டதை, வீட்டில் சொல்லப் பயந்ததை, கண்ணாடிக்கு மேலே குனிந்து தணிந்த குரலில் இங்கே சொல்லிவிட்டுப் போவார்கள்.

நளினியும் அப்படித்தான் முதன்முதலில் வந்தாள். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, ஈப்போவில் நரம்பு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மடிப்புக் கலையாமல் நீட்டினாள். ஈப்போவில் விடுதியில் தங்கிப் படித்தபோது வலிப்பு வந்திருக்கிறது. மாத்திரை தொடங்கிய பிறகு வரவில்லை. அவள் வீடு இருக்கும் தேயிலை எஸ்டேட்டில் அப்பா அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அரசாங்க கிளினிக்கில் மருந்து இலவசம்தான். ஆனால் அங்கே பெஞ்சில் உட்கார்ந்தால் வலது பக்கமும் இடது பக்கமும் சொந்தக்காரர்கள். அதனால் மாதாமாதம் பஸ் ஏறி இங்கே வந்தாள். "அக்கா, நல்லாருக்கீங்களா" என்பாள். பையை வாங்கிக் கைப்பையின் அடியில் வைத்துக்கொள்வாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த பழக்கம். தம்பி குணாளன் ஈப்போவிலிருந்து போன் செய்து, "அக்கா, டீ சென்டர்ல நளினின்னு ஒரு பொண்ணு வேலை செய்யுது, உனக்குத் தெரியுமா?" என்று கேட்ட நாள் வரைக்கும்.

அன்றைக்குத் தன் மனதில் முதலில் வந்தது அன்பு இல்லை என்று ரூபினிக்குத் தெரியும். இத்தனை பெண்கள் இருக்க இவளா என்றுதான் தோன்றியது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது ஒருநாளும் தோன்றாத எண்ணம், தம்பி பெயரோடு சேர்ந்ததும் எப்படி வந்தது என்று அவள் பிறகு பலமுறை யோசித்தாள். தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்வது அவளுக்குப் பழக்கமான வேலை. சொந்த வீட்டில் அதைச் செய்வது மட்டும் பழக்கமில்லை.

"என்னம்மா மிஸ்ஸி, மருந்தெல்லாம் கட்டி முடிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே ரெங்கசாமி உள்ளே வந்தார். எஸ்டேட் வேன் ஓட்டுகிறவர். தலையில் காதை மூடும் கம்பளிக் குல்லா, கையில் பெரிய ரத்தான் கூடை.

எஸ்டேட்டில் மருந்து வருகிற வழி இதுதான். டிரெஸ்ஸர் என்கிற கம்பவுண்டர் இருந்த காலத்தில் எஸ்டேட் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நிற்க வைத்துப் பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். டிரெஸ்ஸர் வேலையே இல்லாமல் போன பிறகும் கூப்பிடுகிற வழக்கம் போகவில்லை. டவுனுக்குப் போகிற ரெங்கசாமி எல்லாருடைய மருந்தையும் வாங்கிக்கொண்டு வந்து, லயன் வரிசை வீடுகளின் முனையில் வேனை நிறுத்தி, ஹாரன் அடித்து, "வடிவம்மா, சக்கரை மாத்திரை! அமிர்தலிங்கம், நெஞ்சு மாத்திரை!" என்று சத்தம் போடுவார். யாருக்கு என்ன வியாதி என்பது அங்கே யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதைப் போல எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். ரூபினி வேலைக்கு வந்த பிறகுதான் ஒவ்வொருவருடையதையும் பழுப்பு உறையில் போட்டு, வாயை ஒட்டி, பெயரை மட்டும் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாள். எஸ்டேட்டில் அதை யாரும் மெச்சவில்லை.

"எல்லாத்தையும் இலையில சுத்துன நாசி லெமாக் பொங்குஸ் சோறு மாதிரி மூடி மூடி வச்சிருக்க. எனக்குத் தெரியாதா யாருக்கு என்னான்னு?"

"தெரிஞ்சா நல்லதுதான் மாமா. பிரிக்காம குடுத்துருங்க."

"இதுல என்னா ரகசியம் லா? அவங்களே வேன்ல உக்காந்து சொல்லிக்கிட்டுதானே வர்றாங்க." உறைகளைக் கூடையில் அடுக்கியவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். உங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு, கீழ் டிவிஷன் நளினி. ஒரு தடவகூட என்கிட்ட மருந்து சொன்னதே இல்ல. ஆனா பஸ்ஸு புடிச்சி உன் கடைக்கு வந்துட்டுப் போவுது. நானே கண்ணால பாத்திருக்கேன். அப்படி என்னாத்த வாங்குது?"

"மாமா, உங்க வேன் பாதி ரோட்ட அடைச்சிக்கிட்டு நிக்குது. டவுன் மஜ்லிஸ்காரன் வந்தான்னா அபராதச் சம்மன் வச்சிருவான்."

ரெங்கசாமி வாய்விட்டுச் சிரித்தார். "வாயத் தொறக்க மாட்டியே நீ! உங்கம்மாகிட்டயும் சொன்னேன். அதுவும் ஒரு மாதிரியா யோசிச்சிருச்சி."

"அம்மாகிட்டயா? எப்ப?"

"நேத்துதான். வேன்ல வர்றப்ப." கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். அவரிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எஸ்டேட்டில் தன் மருந்தைத் தானே போய் வாங்குகிறவள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் ரெங்கசாமியிடம் சொல்லிவிடுவார்கள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை குணாளனுக்கும் நளினிக்கும் நிச்சயம். தட்டு தூக்க ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது.

மதியம் அவள் நளினியின் எண்ணுக்குப் போன் செய்தாள். மருந்து வாங்க மறந்தவர்களைக் கூப்பிட்டு நினைவுபடுத்துவது அவள் வழக்கமாகச் செய்வதுதான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டபோது எதிர்முனையில் வெட்டிவிட்டார்கள். அதற்குள் குணாளனே கூப்பிட்டான். ஈப்போவில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறானாம்.

"அக்கா, நளினிக்கு என்ன கலர் புடிக்கும்? உன் கடைக்கு அடிக்கடி வருவாதானே, உனக்குத் தெரியுமே."

ரூபினி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவன் குரலில் வேறு ஒன்றும் இல்லை. கலரைத்தான் கேட்டான்.

"அத நீயே அவகிட்ட கேளு குணா."

"கேட்டா என்ன குடுத்தாலும் சரிங்குறா. ஒரு வாரமா சரியாவே பேச மாட்டேங்குறா. கோவமான்னுகூட தெரியல."

"அப்ப நேர்ல வந்து கேளு. போன்ல கேக்காத."

போனை வைத்த பிறகு நளினியின் பெயர் எழுதிய உறையை எடுத்துக் கைப்பையில் போட்டாள். கடையைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் வரும்வரை காத்திருந்து, காரை எடுத்தாள். ரெங்கசாமியின் கூடையில் இந்த உறை போகக்கூடாது. வேறு யார் கையிலும் போகக்கூடாது. நளினி வர மாட்டாள் என்றால் இது அவளிடம் போக வேண்டும். அதற்கு மேல் அவள் எதுவும் திட்டமிடவில்லை.

சுற்றுலாக்காரர்கள் டீ குடிக்க வரும் எஸ்டேட் டீ சென்டரில் நிற்க இடமில்லை. கண்ணாடித் தடுப்பு ஓரமாக நின்று, சரிவு சரிவாக இறங்கும் தேயிலைப் பச்சையைப் பின்னால் விட்டு எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே வெகுதூரத்தில் மருந்தடிக்கிற ஆட்கள் நீலப் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். நளினி ஏப்ரனும் தொப்பியுமாகக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரூபினியைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை மெல்லக் கீழே வைத்தாள். சமையல்கட்டுக்குப் பின்னால், காலிக் கேஸ் சிலிண்டர்த் தோம்புகள் நிறுத்தியிருந்த படிக்கட்டுக்கு அவளே கூட்டிக்கொண்டு போனாள்.

"வாங்க அண்ணி," என்றாள். இத்தனை நாள் அக்காவாக இருந்தவள் அண்ணியாகியிருந்தது ரூபினிக்கு இடித்தது. நளினியின் இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது.

"கையில என்ன?"

"சுடுதண்ணி. ட்ரே சாஞ்சிருச்சி."

"சாஞ்சிருச்சா, கை வெட்டி இழுத்துச்சா?"

நளினி கட்டின் நுனியை விரலால் சுருட்டினாள். பிறகு சொன்னாள். "ஒரு தடவதான். காலையில. சட்டுன்னு. யாரும் பாக்கல."

"மாத்திரை?"

"பாதி பாதியா போட்டேன். அதுவும் முந்தாநாளு முடிஞ்சிருச்சி."

"ஏன் வரல? போன் பண்ணியிருந்தாகூட நான் கொண்டாந்து குடுத்திருப்பேனே."

"எப்படி வர்றது?" அவள் குரல் உயரவில்லை. "நேத்து வரைக்கும் நீங்க மருந்துகடை அக்கா. இப்ப மாப்ள வீட்டு ஆளு. அங்க வந்து நின்னா, என் கொறைய நானே எடுத்துட்டு வந்து உங்க வாசல்ல வச்ச மாதிரி இருக்கு. ரெண்டு தடவ பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தேன் அண்ணி. திரும்பிப் போயிட்டேன்."

ரூபினி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னால்தான் இந்தப் பெண் மருந்தை நிறுத்தினாள் என்பது சுடுதண்ணீரைப் போலவே அவள் மேல் விழுந்தது. அதைப் பற்றி இப்போது வருந்துவதில் பிரயோஜனம் இல்லை. தண்ணீர் வாங்கிவரச் சொல்லி, கைப்பையிலிருந்த உறையைக் கொடுத்து, தன் கண் முன்னால் ஒரு வேளை மாத்திரையைப் போட வைத்தாள். ஈப்போ டாக்டரின் கிளினிக்குக்கு அங்கிருந்தே போன் போட்டு, இரண்டு மூன்று பேரிடம் கைமாறிக் கைமாறி நடந்ததைச் சொல்லி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, வருகிற வாரத்திலேயே பார்க்க நேரமும் வாங்கினாள். போனை நளினியிடம் கொடுத்து அவளையே உறுதி சொல்லச் சொன்னாள்.

"இனிமே பாதி கூடாது. விடவும் கூடாது. நாலஞ்சு வருஷமா வரலைன்னா அது மாத்திரையாலதான் வரல. புரியுதா?" கவுண்டரில் பேசிப் பழகிய நிதானம் தன் குரலுக்கு வந்துவிட்டதை ரூபினி உணர்ந்தாள். அது அவளுக்கே தெம்பாக இருந்தது. "இன்னொண்ணு. இந்த மாத்திரை வயித்துல பிள்ள உண்டாகுறப்ப நல்லதில்ல. அதுக்குப் பயந்துக்கிட்டு நீங்களா நிறுத்துனா அதவிட மோசம். டாக்டர்கிட்ட கல்யாணம்னு சொல்லுங்க. முன்கூட்டியே வேற மாத்திரைக்கு மாத்திடுவாரு. மாத்திக்கிட்டு நல்லபடியா பிள்ள பெத்தவங்க என் கடைக்கே வர்றாங்க."

"யாரு?" என்று சட்டென்று கேட்டாள் நளினி. கேட்ட பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "சொல்ல மாட்டீங்க."

"மாட்டேன்."

உள்ளே கோப்பைகள் மோதும் சத்தம் கேட்டது.

"அண்ணி, நீங்களே அவருகிட்ட சொல்லிடுங்களேன். நீங்க சொன்னா பயப்பட மாட்டாரு. எனக்கு வாய் வர மாட்டேங்குது."

ரூபினிக்கு அது எவ்வளவு சுலபம் என்று தோன்றியது. ஒரே ஒரு போன். படித்தவள் சொல்கிறாள், அக்கா சொல்கிறாள் என்று குணாளன் கேட்டுக்கொள்வான். அம்மாவையும் அவனே சமாளிப்பான். ஆனால் அவள் வாயிலிருந்து போனால் அது அவர்கள் வீட்டு விஷயமாகிவிடும். மூன்று பேர் கூடி ஒரு பெண்ணைப் பற்றி முடிவு செய்வதாகிவிடும். நாளைக்கு அந்த வீட்டுக்குள் இந்தப் பெண் காலடி வைக்கும்போது, அவளைப் பற்றி எல்லாம் பேசி முடித்த முகங்கள்தான் அவளுக்கு முன்னால் நிற்கும். ரூபினி பிறந்து வளர்ந்த லயன் வீட்டில் யாருக்கும் தனியாக ஓர் அறை இருந்ததில்லை. நாலு வீடு தள்ளி இருமினால் இங்கே கேட்கும். அங்கே ஓர் ஆள் தனக்கென்று வைத்துக்கொள்ள முடிந்தது, இன்னும் வெளியே சொல்லாத விஷயம் மட்டும்தான். அதை யாரிடம் எப்போது சொல்வது என்பதையும் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

"நான் சொல்ல மாட்டேன் நளினி. நீங்கதான் சொல்லணும். பக்கத்துல நான் இருக்கணும்னா வந்து இருக்கேன். என்ன செய்யணும், எப்படிப் பாத்துக்கணும்னு அவன் கேட்டா எல்லாத்தையும் சொல்லித் தர்றேன்."

"சொல்லித்தான் ஆகணுமா?"

"ஆகணும். நீங்க விழுந்தா வாய்க்குள்ள கரண்டியையும் கையில சாவியையும் திணிக்காம, ஒருக்களிச்சுப் படுக்க வச்சிட்டுப் பக்கத்துல உக்கார ஒரு ஆளாவது வீட்டுல இருக்கணும்."

"வேணாம்னு சொல்லிட்டா?"

அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் எதற்குக் கோபப்படுவான், எதற்கு அழுவான் என்று தெரியும். இதற்கு என்ன சொல்வான் என்று தெரியவில்லை. "எனக்குத் தெரியாது," என்றாள் உண்மையாக.

நளினி தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "வெள்ளிக்கெழம வர்றாரு. அன்னைக்கி சொல்லிடுறேன்." படியேறியவள் திரும்பினாள். "அது வரைக்கும்..."

"அது வரைக்கும் யாரும் என் மூலமா தெரிஞ்சிக்க மாட்டாங்க."

அப்படிச் சொல்லிவிட்டு வந்த பிறகுதான், தான் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்று ரூபினிக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தாள். அது போதாது என்று வியாழக்கிழமை தெரிந்தது.

அன்று மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அம்மா திலகம் குடையை உதறி வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பைகளோடு உள்ளே வந்தார். ஜிகினாத் தாள் சுற்றிய தாம்பாளங்கள், ரிப்பன், வெற்றிலைக் கட்டு, ஆப்பிள். வெகுகாலம் கத்தரி பிடித்துத் தேயிலை வெட்டிய தோள்கள் அவருக்கு. பை எவ்வளவு கனமாக இருந்தாலும் வளையாமல் தூக்குவார். இன்றைக்கு அவற்றைத் தொப்பென்று தரையில் வைத்தார்.

"யாரும் இல்லியே?"

"இல்லம்மா. உக்காருங்க. ஏன் மழையில வந்தீங்க?"

திலகம் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பூசி மெழுகுவது அவருக்கு வராது. "அந்தப் பொண்ணு உன்கிட்ட என்னா மருந்து வாங்குது?"

"அம்மா."

"ரெங்கசாமி சும்மா சொல்ல மாட்டான்."

"ரெங்கசாமி மாமா சும்மாதாம்மா எல்லாத்தையும் சொல்லுவாரு."

திலகம் சிரிக்கவில்லை. "நான் உன்ன ரூல்ஸ மீறச் சொல்லல ரூபி. உன் வேலைக்குக் கெடுதல் வர்ற மாதிரி நான் கேப்பேனா? நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லைன்னா 'இல்ல'ன்னு ஒரு வார்த்த சொல்லு. இருந்துச்சின்னா பேசாம இரு. நான் புரிஞ்சிக்கிறேன். உன் பேரு வெளிய வராது."

அம்மா இதை வேனில் வரும்போதே யோசித்து வைத்திருக்கிறார் என்று ரூபினிக்குத் தெரிந்தது. அழகாக யோசித்திருந்தார். வெட்டிய கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கங்காணி எவ்வளவு கழிப்பார் என்று முன்கூட்டியே கணித்துப் பேசத் தெரிந்தவர் அம்மா. மகள் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அம்மாவுக்கும் வேண்டியது கிடைத்துவிடும். இல்லை என்று சொன்னால் பொய். பேசாமல் இருந்தால் நளினி வெள்ளிக்கிழமை சொல்லப்போவதை வியாழக்கிழமையே சொன்னதாகிவிடும். இத்தனை வருஷம் அவள் நம்பிக்கொண்டிருந்த மௌனத்தை அம்மா ஒரே வாக்கியத்தில் வாயாக மாற்றிவிட்டார். மழைச் சத்தத்துக்கு நடுவே நொடிகள் போய்க்கொண்டிருந்தன. போகப் போக ஒவ்வொரு நொடியும் பதிலாகிக்கொண்டிருந்தது.

"அம்மா, நான் பேசாம இருந்தாலும் அதுக்கு ஒரு அர்த்தமும் கெடையாது," என்றாள். "யாரப் பத்திக் கேட்டாலும் நான் இதையேதான் சொல்லுவேன். இந்தக் கடையில யாரு என்னா வாங்குறாங்கன்னு சொல்ல மாட்டேன். வாங்குறாங்களா இல்லியான்னும் சொல்ல மாட்டேன்."

"யாரப் பத்திக் கேட்டாலுமா? ரெங்கசாமிக்கு என்னா மாத்திர, சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"சக்கரைன்னு ஊரெல்லாம் அவனே சொல்லிக்கிட்டுத் திரியுறான்டி!"

"அவரு சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்."

"வடிவம்மாளுக்கு?"

"மாட்டேன்மா."

"பெத்தவகிட்டயே வக்கீல் மாதிரி பேசு." திலகத்தின் கழுத்து நரம்பு எழும்பியது. "எனக்கு? நான் என்னா மாத்திர திங்குறேன்? அதயும் சொல்ல மாட்டியோ?"

"உங்ககிட்ட சொல்லுவேன். குணாகிட்ட சொல்ல மாட்டேன். சித்தி கேட்டப்பவும் சொல்லல."

திலகம் நிமிர்ந்து பார்த்தார். ரூபினி கண்ணைத் தாழ்த்தவில்லை. அப்பா இராமையா இறந்த வருஷம் திலகத்துக்குத் தூக்கம் போனது. சமையலறையில் நின்றபடியே கை கால் நடுங்கி, மூச்சுத் திணறி, செத்துப்போகப் போகிறேன் என்று பயந்து சுவரைப் பிடித்துக்கொள்வார். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் ரூபினிதான் கூட்டிக்கொண்டு போனாள். இன்று வரை அந்த மாத்திரை நிற்கவில்லை. பையனுக்குத் தெரிந்தால் அம்மாவுக்குப் பைத்தியம் என்று நினைப்பான் என்று சொல்லி, திலகம் அதை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

"சித்தி கேட்டாளா? எப்ப?"

"எப்பவோ. விடுங்க."

வெளியே ஒரு காய்கறி லோரி தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போனது. திலகம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை அம்மா எழுந்து போய்விடுவார் என்று ரூபினி நினைத்தாள். அம்மா எழவில்லை.

"நான் வேற, அவ வேற," என்றார் கடைசியில். குரல் தணிந்திருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "நான் வாழ்ந்து முடிச்சவ. அவ வாழ வர்றவ. எம்புள்ளையோட வாழ வர்றவ. நாளைக்கி ஏதாவது ஒண்ணுன்னா, 'அக்கா, உனக்குத் தெரிஞ்சிருந்துச்சா'ன்னு அவன் கேப்பானே, அப்ப என்னா சொல்லுவ?"

அதுதான் அவளையும் தூங்கவிடாமல் செய்கிற கேள்வி. அம்மா சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். "அத அவனுக்கு நான் சொல்லிக்கிறேன்மா. அப்ப அவன் கோவிச்சிக்கிட்டா கோவிச்சிக்கட்டும்," என்றாள். சொன்ன பிறகுதான் இந்த வார்த்தைகளிலும் அம்மாவுக்கு ஏதாவது கிடைத்திருக்குமோ என்று பயந்தாள். "யாரோட கல்யாணமா இருந்தாலும் இதுதான் என் பதில்."

திலகத்தின் முகம் சிவந்திருந்தது. நெற்றியில் வியர்வை. இந்தக் குளிரில் வியர்வை. ரூபினி கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். ரத்த அழுத்தம் பார்க்கும் மிஷினை மேசையில் வைத்தாள்.

"கையக் குடுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"இருக்கட்டும். குடுங்க."

திலகம் கையை நீட்டினார். ரூபினி ஜாக்கெட் கையை மேலே ஒதுக்கி, பட்டையைச் சுற்றி, முழங்கையை மேசை மேல் சரியாக வைத்தாள். பட்டனை அழுத்தினாள். பட்டை மெல்ல உப்பத் தொடங்கியது. திலகம் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தின் நிறத்தைப் பார்த்தே பருவம் சொல்கிற கண்கள், உதட்டின் ஓரத்தில் ஏதாவது தெரிகிறதா, இமை துடிக்கிறதா என்று தேடின. ரூபினி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திருப்பினால் அதுவும் ஒரு பதில். அம்மா பார்க்கட்டும் என்று இருந்தாள்.

"இல்லைன்னு ஒரு வார்த்த, ரூபி. அது போதும் எனக்கு. ஞாயித்துக்கெழம சந்தோசமா தட்டு தூக்கிட்டுப் போயிருவேன்."

"பேசாதீங்கம்மா. கூடக் காட்டும்."

காற்று இறங்கியது. திரையில் வந்த எண் அதிகம்தான். ரூபினி அதைப் பார்த்தாள், அம்மாவும் பார்த்தார்.

"கொஞ்ச நேரம் அப்படியே இருங்க. கால ஒண்ணு மேல ஒண்ணு போடாதீங்க. மறுபடியும் பாக்கணும்."

"அப்ப சொல்ல மாட்ட."

"மாட்டேன்மா," என்றாள் ரூபினி, பக்கத்தில் தூங்குகிறவர் எழுந்துவிடக் கூடாது என்பதுபோன்ற குரலில். சுருண்டிருந்த பட்டையின் ஓரத்தை நீவி விட்டாள். அம்மாவின் கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்தாள். திலகம் கையை இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை. தேயிலைச் செடி கீறிக் கீறி வெள்ளைக் கோடுகளாகிப் போன அந்தக் கையின் மேல், பட்டை மறுபடியும் உப்பத் தொடங்கியது.